எதிர்மாடிப் படியிலிருந்து பார்த்த திரை

பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் ஜன்னலை, எதிர்க் கட்டடத்து மாடிப்படியில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பிடிபட்டிருக்கிறேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. மூக்குக்கண்ணாடி, முன்வழுக்கை, கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த மகள் என்று ஒரு கண்ணியமான மனிதனுக்கு வேண்டியவை எல்லாம் என்னிடம் இருந்தன. பிடித்தவர் அவற்றில் எதையும் பொருட்படுத்தவில்லை. சட்டைக் காலரைப் பற்றியபடியே இரண்டு மாடி இறக்கி, சந்தின் மறுபக்கம் கூட்டிப்போய், அந்த விடுதி வாசலிலேயே கொண்டு நிறுத்தினார்.

நம் திரைச்சீலைக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். அளவெடுப்பது, மடிப்புக்குத் துணி கணக்கிடுவது, பிராக்கெட் அடிப்பது எல்லாம் வரும் என்று எதிர்பார்க்கிறார். அவை உங்கள் போனிலேயே இருக்கின்றன. முப்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை நீங்கள் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் பார்த்து முடித்துவிடலாம். முழங்கால்கள் இரண்டும் ஏணியோடு பேச்சை நிறுத்திவிட்ட பிறகு, மல்லேஸ்வரம் வீட்டில் உட்கார்ந்து தடித்தடியாக நாவல் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் வரும் மனிதர்கள் செய்த தப்பையே திரும்பத் திரும்ப நினைக்கிறார்கள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. ஆகவே போனில் கிடைக்காத ஒரு ஜன்னலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திரையை இரண்டு விதமாக மாட்டலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு மேலே சுவரில் ராடு அடித்து, இரண்டு பக்கமும் அரையடி தள்ளித் தொங்கவிடுவது ஒன்று. சட்டத்துக்கு உள்ளேயே, இந்தக் கட்டையிலிருந்து அந்தக் கட்டை வரை ராடு கொடுத்து, துணி சட்டத்தைத் தாண்டாமல் நிற்கும்படி செய்வது இன்னொன்று. எனக்கு இரண்டாவதின் மேல் பைத்தியம். சுவரில் மாட்டிய திரை ஜன்னலுக்குப் போர்வை போர்த்தியது போல இருக்கும். சட்டத்துக்குள் மாட்டியது அளவெடுத்துத் தைத்த கோட்டு போல இருக்கும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். சொல்லும்போது டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வேன். அப்படிப் போட்டுக்கொண்டால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

பெங்களூர் அடுகோடியில் ஓசூர் ரோட்டுக்கு உள்ளடங்கிய சந்தொன்றில் அந்த விடுதி இருந்தது. நான்கு மாடி, இருபத்திரண்டு ஜன்னல். நடத்தியவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு அம்மாள். வேலைக்குப் போகும் பெண்கள் அவரை ஆன்ட்டி என்பார்கள், நாங்கள் மேடம் என்போம். "சுவத்துலயே மாட்டிடுங்க சார், சீக்கிரம் முடியும்" என்றுதான் அவர் சொன்னார். நான்தான் விடவில்லை. போர்வை, கோட்டு எல்லாம் சொன்னேன். மேடம் அசையவில்லை. கடைசியில், உள்ளே மாட்டினால் புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் ஒரு ஓட்டைகூட விழாது என்றேன். "அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

இருபத்திரண்டு ஜன்னலும் உள்ளே மாட்டி முடித்த அன்று ஒவ்வொரு அறைக் கதவிலும் நின்று பார்த்தேன். சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளிகூட இல்லை. என் வேலையைப் பார்த்து நானே தலையாட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அன்று இருபத்திரண்டு முறை தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து மேடம் போன் செய்தார். இரண்டாம் மாடியில் ஒரு பெண், எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ தன் அறையைப் பார்க்கிறான், போனில் படம்கூட எடுக்கிறான் என்கிறாளாம். "நோடி சார், பாருங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அந்தப் பெண்ணின் பெயரை மாற்றி, தாரணி என்று வைத்துக்கொள்கிறேன். அரூர் பக்கம். படித்து முடித்த கையோடு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்து வந்திருந்தாள். அவளோடு அறையில் இருந்தவளுக்கு இரவு ஷிப்ட். மாலையானால் அறையில் தாரணி மட்டும்தான். அதனால் அவள் சொன்னதற்கு அவளே சாட்சி.

நான் காலை பதினோரு மணிக்குப் போனேன். எப்போதும் போல ஃபேனை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். ஃபேன் ஓடும்போது ஏணியில் ஏறக் கூடாது என்பது என் தொழிலின் முதல் விதி. அந்த விதி என் இடது புருவத்துக்கு மேலே மூன்று தையலாக எழுதப்பட்டிருக்கிறது. ராடு சரியாக இருந்தது. துணி சரியாக இருந்தது. ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினேன்.

"இத பாரும்மா. கொசு உள்ள வரணும்னாகூட மூச்சைப் புடிச்சிட்டுதான் வரணும்."

மேடம் சிரித்தார். தாரணி சிரிக்கவில்லை. "காலைல இல்ல அங்கிள். சாயந்திரம் நான் வந்தப்புறம். நீங்க ஒருநாள் சாயந்திரம் வந்து பாருங்களேன்" என்றாள்.

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் ஒருவர் என்றைக்காவது இதையே சொல்லப்போகிறீர்கள். "கர்ட்டனுக்குக் காலை, சாயந்திரம்னு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள். "சரி அங்கிள்" என்றாள். நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

படி இறங்கும்போது மேடம், "நீங்க சொன்னத ரெண்டு வரியில எனக்கு வாட்ஸ்அப்ல போட்டுடுங்க சார்" என்றார். போட்டேன். 'ஜன்னலை நேரில் சோதித்தேன். வெளியிலிருந்து உள்ளே பார்க்க வழியே இல்லை.' என் பெயர், கீழே கடையின் பெயர். வெளியே போய் நிற்காமலேயே வெளியிலிருந்து பார்க்க முடியாது என்று எழுதினேன். எழுதும்போது அது உறைக்கவில்லை. மேடம் அதை அப்படியே அரூரில் இருந்த அவளுடைய அப்பாவுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டு வரி அங்கே என்ன செய்தது என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, மேடம் மறுபடி போன் செய்தபோதுதான் தெரிந்தது. "அவங்கப்பா சாயந்திரம் வர்றார் சார். வேலைய விட வெச்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாராம். பொண்ணுக்கு மனசு சரியில்லன்னு நெனைக்கறார். தனியா இருந்து ஏதேதோ தோணுதாம். கர்ட்டன் போட்டவரை நேர்ல பாக்கணும்னார். ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க."

கடையிலிருந்து பத்து நிமிட நடை. போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரு எரிச்சல். ஒரு பெண்ணின் மனநிலைக்கு நான் ஏன் சான்றிதழ் கொடுக்க வேண்டும்? அடுத்த நாலு எட்டில், அதை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

ஆறரை மணி இருக்கும். விடுதிச் சந்தில் திரும்பும்போது முதல் தடவையாக அண்ணாந்து எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். நடுவில் இரண்டு ஸ்கூட்டர் ஒதுங்கிப் போகும் அகலம்தான். கீழே லேத் பட்டறை, மேலே குடித்தனங்கள். மாடிப்படி வெளிப்பக்கமாக, திறந்தபடி ஏறியது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு பல்பு எரிந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் எரியவில்லை.

அங்கே ஏன் ஏறினேன் என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். வாசலில் அந்த அப்பாவைச் சந்திப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் என்று நினைக்கிறேன். ஏறிப் பார்த்தால் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஹோல்டர் தொங்கியது. அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலி போடுகிறவன் தெருவைப் பார்த்துப் போடுவான், வானத்தைப் பார்த்துப் போடுவான். இது பத்தடி தூரத்தில் இருந்த ஒரு சுவரையும் ஒரு ஜன்னலையும் பார்த்தபடி கிடந்தது. அடியில் நிறைய சிகரெட் துண்டுகள். ஒரே பிராண்ட்.

ஜன்னல் நான் திரை போட்ட ஜன்னல். காற்றுக்காகக் கதவுகளை வெளிப்பக்கம் திறந்துவிட்டிருந்தார்கள். கம்பிக்குப் பின்னால் என் திரை. உள்ளே விளக்கு எரிய, துணி ஓரம் முதல் ஓரம் வரை அப்பழுக்கில்லாமல் சட்டத்தை அடைத்து நின்றது. என் சுபாவம் அப்படி, அப்போதும் தலையாட்டினேன்.

உள்ளே யாரோ சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் துணி லேசாக மூச்சு வாங்கியது. பிறகு வயிறு போல உப்பியது. ஃபேன் வேகம் பிடித்ததும் இடது ஓரம் கட்டையைவிட்டு விலகி, ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. சுவரில் மாட்டிய திரை எவ்வளவு பறந்தாலும் பக்கத்தில் அரையடித் துணி மிச்சம் இருக்கும். சட்டத்துக்குள் மாட்டியதற்கு மிச்சம் என்பதே கிடையாது. அதுதானே அதன் அழகு என்று நான் விற்றேன்!

திறந்த இடைவெளியில் தாரணி தெரிந்தாள். கட்டில் மேல் ஒரு பச்சைப் பை. மடித்த துணிகளை அதில் அடுக்கினாள். அடுக்கியதை வெளியே எடுத்து, மறுபடி அடுக்கினாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

நான் அங்கேயே பார்வையைத் திருப்பியிருக்க வேண்டும். திரை இன்னும் இரண்டு தடவை திறந்து மூடும் வரை பார்த்தேன். உறுதி செய்துகொள்ளத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனும் தனக்குத்தானே ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பான்.

அந்த நேரத்தில்தான் காலரில் கை விழுந்தது.

"க்யா சாச்சா, க்யா தேக்ரைன் இதர்?"

இங்கே என்ன பார்க்கிறாய் என்று உருதுவில் கேட்டவர், கீழே லேத் பட்டறை வைத்திருந்த பாய். இரும்புத் தூள் ஒட்டிய கை. கண்ணாடியையும் வழுக்கையையும் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன். எறங்கு."

"பாய், நான் கர்ட்டன் ஃபிட்டர்" என்றேன். மாடிப்படி இருட்டில் நின்று ஒரு மனிதன் சொல்லக்கூடியதில் இதைவிட நம்ப முடியாத வாக்கியம் இருக்க முடியாது.

"ஓஹோ. அப்ப நான் கமிஷனர். நட."

விடுதி வாசலில் மேடமும், கையில் துணிப்பையோடு ஒரு மனிதரும் நின்றிருந்தார்கள். ஒல்லியான உடம்பு, காக்கிப் பேன்ட், பயணக் கசங்கல். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர் என்று மேடம் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. சத்தம் கேட்டு மாடியிலிருந்து தாரணியும் இறங்கி வந்துவிட்டாள்.

"மேடம், புடிச்சிட்டேன்" என்றார் பாய். "அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து சொல்லி ஒரு வாரமாச்சு. நானும் டெய்லி ஒளிஞ்சு நின்னு பாத்துட்டிருந்தேன். இன்னிக்கு மாட்டினான்."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. தாரணி பாயிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். பாய் ஸ்டூல் கேட்கவில்லை, டேப் எடுக்கவில்லை. கேட்டதும் நம்பியிருக்கிறார்.

"ஐயோ, இவர் கர்ட்டன் போட்டவருப்பா!" என்று மேடம் பதறினார்.

"கர்ட்டன் போட்டவருக்கு என் மாடிப்படில என்ன வேலை?"

நியாயமான கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கன்னடத்தில், சும்மா சோதித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார். உண்மையில் அது எல்லோருக்கும் வசதியான பதில். பாய் காலரை விட்டுவிடுவார். மேடத்தின் விடுதிக்குப் பெயர் கெடாது. நான் வாட்ஸ்அப்பில் எழுதியது பொய்யாகாது. பொய்யாகப் போவது ஒரு பெண்ணின் பேச்சு மட்டும். அதைத்தான் ஏற்கெனவே யாரும் நம்பவில்லையே.

தெரிந்தது என்று சொன்னால், இந்த மனிதரின் மகளை இருட்டில் நின்று நான் பார்த்தேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதாகும். அவர் கை என் முகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

நான் துணிச்சலான ஆள் இல்லை. தாரணி அப்போது என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வேன் என்பது தனக்குத் தெரியும் என்பது போல நின்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சுதுங்க" என்றேன். "உங்க பொண்ணு பச்சைப் பையில துணி அடுக்கிட்டிருந்தாங்க. அடுக்கினத எடுத்து மறுபடி அடுக்கினாங்க. அழுதுட்டிருந்தாங்க. அவங்க சொன்னது நிஜம். நான் எழுதி அனுப்பினதுதான் பொய்."

அவர் கை மேலே போனது. பாதியில் நின்றது. மகளைப் பார்த்தார். "பச்சைப் பையா பாப்பா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"எங்கேருந்து பாத்த? காட்டு" என்றார் என்னிடம்.

மேடத்தை அறைக்கு அனுப்பிவிட்டு, பாயும் அவரும் நானும் அந்த இருட்டுத் திருப்பத்துக்கு ஏறினோம். ஃபேனைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்தேன். துணி உப்பியது, விலகியது. மேடம் இடுப்பில் கை வைத்து எங்கள் பக்கமே பார்த்து நின்றார். அவர் கழுத்துச் சங்கிலியின் டாலர்கூட எங்களுக்குத் தெரிந்தது. "எங்க இருக்கீங்க? யாரும் தெரியலையே!" என்று அவர் உள்ளிருந்து கத்தினார்.

அந்த அப்பா திரை திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பட்டறை வாசலில் அதைக் கவிழ்த்துப் போட்டார். பாய், "நான் பாத்துக்கறேன் அண்ணா" என்றார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னவனுக்கு உடனே ஒரு நிம்மதி வருமே, அது வந்திருந்தது. ஆனால் தாரணியின் அப்பா விடுதி மாடியேறிப் போய் அறை வாசலில் நின்று, "பைய எடு பாப்பா. இந்த எடம் வேணாம். ஊருக்குப் போலாம்" என்றார்.

தாரணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் சொன்னது பொய்யின்னு நெனைச்சப்ப ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்தீங்க. நிஜம்னு தெரிஞ்சப்புறமும் ஊருக்குத்தான் கூப்புடறீங்க. அப்ப நான் எதுக்குப்பா சொல்லணும்? வாயை மூடிட்டு இருந்திருந்தா வேலையாவது இருந்திருக்கும்."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் திரை தன் பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இத இப்பவே சரி பண்ண முடியுமா?"

கடைக்கு ஓடினேன் என்று எழுத ஆசை. முழங்கால் அப்போதே தகராறு, ஆகவே வேகமாக நடந்தேன். நீள ராடு, பிராக்கெட், டிரில் மெஷின், வேறொருவருக்காகத் தைத்து வைத்திருந்த அகலமான திரை ஒன்று எல்லாவற்றையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன். ஜன்னல் சட்டத்துக்கு வெளியே, அறைச் சுவரில் மாட்டினேன். இரண்டு பக்கமும் முக்காலடி மிச்சம், கீழே ஒரு அடி மிச்சம். பெயிண்ட் அடித்த சுவரில் நாலு ஓட்டை விழுந்தபோது மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அழகாக இருந்ததா என்று கேட்காதீர்கள். ஜன்னல் காய்ச்சல் வந்து போர்த்திக்கொண்டது மாதிரி இருந்தது.

அப்பா தனியாக எதிர்மாடிக்குப் போனார். அங்கிருந்து மகளுக்குப் போன் போட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஃபேன் எத்தினில இருக்கு?"

"அஞ்சுலப்பா."

"ஜன்னல் தெறந்துதான இருக்கு?"

"தெறந்துதான் இருக்கு."

"கையை ஆட்டு."

"ஆட்டறேன்."

"தெரியல. எந்திரிச்சு நட."

"நடக்கறேன்."

"குதி."

"அப்பா!"

"சும்மா குதி பாப்பா."

அவள் குதித்தாள். கட்டில் ஆடியது. "தெரியல" என்றார் அவர். மறுபடி, "ஒண்ணும் தெரியல" என்றார். போனை அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. நான் கருவிகளைப் பைக்குள் எடுத்து வைப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன்.

தாரணி பச்சைப் பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆட்டோவில் வரும்போதே நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள், "அந்த மெசேஜ மாத்தி அனுப்பிடுங்க அங்கிள்" என்றாள். அங்கேயே நின்று மேடத்துக்கு அனுப்பினேன். 'தாரணி சொன்னது சரி. நான் சோதித்த விதம் தவறு.' கீழே என் பெயர். இந்தத் தடவை கடையின் பெயரைப் போடவில்லை. தப்பு என்னுடையது மட்டும்தான்.

நாற்காலிக்காரன் யார் என்று இன்றுவரை தெரியாது. மேடமும் பாயும் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். பாய் படிக்கட்டின் அடியில் இரும்புக் கதவு வைத்து, இரண்டாம் மாடி பல்பைச் சுற்றித் தன் பட்டறையிலேயே ஒரு கம்பிக் கூண்டு செய்து மாட்டினார். மற்ற இருபத்தொரு ஜன்னலின் திரைகளையும் அடுத்த வாரத்தில் சட்டத்துக்கு வெளியே மாற்றி மாட்டினேன். ஒவ்வொரு அறையிலும் இருந்த பெண்களிடம் கேட்டேன். "ஆமா அங்கிள், பறக்கும். நாங்க துணி கிளிப் போட்டு வெச்சிருக்கோம்" என்றார்கள் பாதிப் பேர். பாதி விடுதிக்குத் தெரிந்திருந்த விஷயம், மாட்டியவனுக்கு மட்டும் தெரியவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நாம் ஃபேனை அணைத்துவிட்டு வேலை செய்கிறவர்கள். அணைத்துத்தான் செய்ய வேண்டும், புருவத்தில் தையல் வேண்டாம். ஆனால் அந்த அறையில் வாழ்கிறவர்கள் ஃபேனைப் போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். மாட்டி முடித்ததும் கீழே இறங்கி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ஜன்னலைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே போய்ப் பாருங்கள். எதிர் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காலர் கிழியாமல் இருக்கும்.

இன்னொன்று. ஒருவர் தன் ஜன்னலைப் பற்றி ஏதாவது சொன்னால், உடனே டேப்பை எடுக்காதீர்கள். எந்த நேரத்தில் என்று கேளுங்கள். சாயந்திரம் என்றால் சாயந்திரம் போங்கள். பெரும்பாலும் அந்த ஜன்னலை நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். நம்மிடம் அளவு இருக்கிறது, அவ்வளவுதான். ஓர் அளவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குப் பைத்தியம் என்று சொல்ல எவ்வளவு குறைந்த நேரம் பிடிக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வரி எழுதும் நேரம்தான்.

அன்று தாரணியின் அப்பாவை ஓசூர் ரோட்டில் பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். வாசலில் என்னை நீ என்று பேசியவருக்கு நான் சார் ஆகிவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, என் மனதில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கட்டும் என்று, உள்ளே மாட்டுவதற்கும் வெளியே மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம், துணியின் எடை, காற்று நுழையும் கோணம், இவற்றில் எங்கே நான் தவறினேன் என்று விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். இதுக்குப் போயி இத்தினி படிப்பா? நாலு ஆணி அடிச்சு ஒரு பெட்ஷீட்டக் கட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே."